பழைய லேபிள் அழகில் புது பாக்கெட்: எங்கே பார்ப்பது, எதை எடுப்பது

ஏற்காட்டுக் காப்பித்தூள் பாக்கெட்டுக்கோ கொலுசுப் பெட்டிக்கோ பழைய பாணியில் படம் வரையப் போகிறவர்கள் இணையத்தில் ‘விண்டேஜ்’ என்று தேடினால் வெளிநாட்டு போஸ்டர்கள்தான் வந்து நிற்கும். சேலத்துக்குள்ளேயே தேடுங்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டைகளின் மேலுள்ள முத்திரைகளைப் பாருங்கள்: ஓரிரு நிறம், தடித்த கோடு, நடுவில் ஒரே உருவம். வெள்ளிக்கடையில் நகை மடித்துத் தரும் ரோஸ் தாள் இன்னொரு பாடம். பழைய பேப்பர் கடையில் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களும் காலண்டர் அட்டைகளும் சிக்கும். கண்ணைப் பறிக்கும் பகட்டு வேண்டுமென்றால் சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிகளின் மயிலும் தாமரையும் போதும்.

கிடைத்ததை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். நிறத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். வெயில் பட்ட லேபிளில் மஞ்சளும் ரோஸும் முதலில் வெளுக்கும். நீலமும் கருப்பும் தங்கும். அசல் நிறம் மடிப்புக்குள்ளும் ஒட்டிய ஓரத்தின் அடியிலும் இருக்கும். பழுத்த தாளின் நிறத்தைப் பின்னணியாக வைப்பது வீண். அச்சடித்த அன்று அது வெளிறிய தாள், அதனால்தான் சிவப்பு அப்படி எரிந்தது.

எடுக்க வேண்டியது படத்தை அல்ல, அச்சான முறையை. மஞ்சள், ராணி, கருநீலம் என மூன்றே மை வைத்துக்கொண்டு ஒரு மல்கோவா வரைந்து பாருங்கள். பழமும் இலையும் முழுக்க மஞ்சள். பழத்தின் தோளில் ராணிப் புள்ளிகள். அந்த இடம் தானே செம்மஞ்சளாகும். இலைமேல் நீலம் விழுந்தால் பச்சை. வெளிக்கோடும் நீலத்திலேயே. கணினியில் ஒவ்வொரு மைக்கும் தனி லேயர், அடி நிறம் மேல் நிறத்தோடு கலந்து தெரியும் மல்டிப்ளை முறையில். ராணி லேயரை மட்டும் அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் பழைய அச்சின் விலகல் வந்துவிடும். அதற்கு மேல் போனால் அச்சுப் பிழையாகத்தான் தெரியும். எழுத்தை நகர்த்தவே கூடாது.

ஸ்க்ரீன் பிரிண்டிங் என்றால் அடி நிறம் தெரியும் ட்ரான்ஸ்பரன்ட் மை கேட்டு வாங்குங்கள். ஒப்பேக் மை அடியிலுள்ள மஞ்சளை மறைத்துவிடும், பச்சை வராது. பழுப்புத் தாள் பையிலோ வெள்ளி நிறப் பையிலோ முதலில் வெள்ளை அடித்தாக வேண்டும். 0.3 மி.மீ.யைவிட மெல்லிய கோடு உடையும். நிறத்துக்குள் வெள்ளையாக விடும் கோட்டில் மை பரவி அடைத்துவிடும் என்பதால் அதற்கு 0.5 மி.மீ. வையுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது எழுத்தில். 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லேபிள் போல இருக்க வேண்டுமானால் ‘மலை’யின் லை யானைத் துதிக்கைபோல் மேலே வளைய வேண்டும், ணை, ளை, னையும் அப்படியே. ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது, சுழி எழுத்தோடே சேர்ந்துவிடும். வழக்கமான ஃபான்ட்களில் இவை கிடைப்பதில்லை, கையால்தான் வரைய வேண்டும். எடை, விலை, உரிம எண், தேதி ஆகியவற்றுக்கு மட்டும் இன்றைய தெளிவான எழுத்து.

உரிமை விஷயம்: ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. காலண்டர் படங்களுக்குப் பேர்போன கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு மறைந்தது 1976-இல். அவர் படங்களுக்கு 2036 முடியும்வரை காப்பு இருக்கிறது. வர்த்தகக்குறியை 10 ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், ஆகவே தாத்தா காலத்துச் சின்னமும் இன்று உயிரோடு இருக்கலாம். ஓரக்கட்டம், நிறச்சேர்க்கை, இட அமைப்பு இவற்றை எடுத்துக்கொண்டு நடு உருவத்தைப் புதிதாக வரையுங்கள். அச்சு பிளாக் போடுமுன் வர்த்தகக்குறிப் பதிவேட்டில் இணையம் வழியே ஒருமுறை தேடிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.