.45-ஆ, 10 எம்.எம்.-ஆ? பெரிய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கச்சான் காற்று கிளம்பிவிட்டால் வாலிநோக்கம் பக்கம் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலில் உப்பு பிசுபிசுக்கும். அப்படி ஒரு சாயங்காலம் திண்ணையில் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். டெக்சாஸில் கார்பஸ் கிறிஸ்டி என்கிற ஊரில் வேலை. அதுவும் கடலோரம்தான். போன வருஷம் கிரீன் கார்டு வந்தது.

"மாமா, கைத்துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டுல ஒண்ணு. கோல்ட் 1911, அது .45. இல்லேன்னா குளோக் 20, அது 10 எம்.எம். எது மாமா பவரு ஜாஸ்தி?"

இந்த எண்ணெல்லாம் குண்டின் குறுக்களவு, சுமாராக: புள்ளி வைத்தது அங்குலத்தில், எம்.எம். என்றது மில்லிமீட்டரில். நான் 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். எங்கள் கையில் இருந்தது இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்.எம். 1ஏ கைத்துப்பாக்கி. இந்தப் பக்கம் முதுகுளத்தூர், கமுதி என்று எந்த ஊருக்குப் போனாலும் டீக்கடையில் ஒரு பழைய பட்டாளத்தான் உட்கார்ந்திருப்பார், அவரிடம் ஒரு துப்பாக்கிக் கதை இருக்கும். ஆனால் இங்கே சொந்தத்துக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் .32 தான். அமெரிக்காவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு வருகிற இந்தக் குழப்பம் இங்கே யாருக்கும் வராது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அங்கே இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

"எது பவரு ஜாஸ்தி" என்று கேட்டானே, தவறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. .45 தோட்டாவின் வழக்கமான குண்டு 15 கிராம், நொடிக்கு 260 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் குண்டின் ஆற்றல் 500 ஜூல். 10 எம்.எம். 1983-இல் வந்தபோது நிரப்பிய அளவில் குண்டு 13 கிராம், வேகம் 365 மீட்டர். அது 865 ஜூல் வரும். எண்ணைப் பார்த்தால் .45 பெரிய ஓட்டை போடும் (11.5 மி.மீ. குறுக்களவு), 10 எம்.எம். வேகமாகப் போகும். இதோடு கணக்கை மூடிவிட்டு கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

குண்டு முன்னால் போகிறது, உதை பின்னால் நம் கைக்கு வருகிறது. 1911 முழுக்க எஃகு, ஒரு கிலோவுக்கு மேல் எடை. குளோக் 20-இன் உடம்பு பாலிமர் பிளாஸ்டிக், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இல்லாமல் 800 கிராம்கூட இல்லை. கனமான துப்பாக்கியில் மெதுவான குண்டு, லேசான துப்பாக்கியில் வேகமான குண்டு. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். மேகசின் நிரம்பியிருக்கும்போது 10 எம்.எம்.-இன் உதை .45-ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். தோட்டா தீர்ந்துகொண்டே வரும்போது துப்பாக்கி லேசாகி, அது இரண்டு மடங்கை நெருங்கும். 1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஆட்களை இழந்த பிறகு எஃப்.பி.ஐ. இதே 10 எம்.எம்.-ஐ எடுத்துக்கொண்டது. உதை தாங்கவில்லை என்று வெடிமருந்தைக் குறைத்து நிரப்பினார்கள். மருந்து குறைந்தபின் அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று 1990-இல் பிறந்ததுதான் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்கிற குட்டைத் தோட்டா. பயிற்சி பெற்ற ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், சனிக்கிழமை மட்டும் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிற நம் பையன் எந்த மூலைக்கு?

இன்னொன்று. கடையில் கிடைக்கும் 10 எம்.எம். தோட்டா எல்லாம் அந்த 865 ஜூல் இல்லை. பயிற்சிக்கென்று விற்கும் பல பெட்டிகள் 575 ஜூல் அளவில்தான் இருக்கும். பெட்டியில் குண்டின் எடையும் (கிரெய்ன் என்ற அளவில்) வேகமும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் வாங்கி, லேசான தோட்டாவில் பழகி, "எனக்கு 10 எம்.எம். கையில நிக்குது" என்று நினைத்துவிட்டு, வீட்டில் கனமான தோட்டாவை நிரப்பி வைக்கிறவர்கள் உண்டு. எதைச் சுட்டுப் பழகினோமோ அந்த உதைதான் கைக்குத் தெரியும்.

குளோக் 20-ஐ வைத்திருக்கிறவர்களில் பேர் பெற்றவர்கள் கிரீன்லாந்தில் நாய் பூட்டிய சறுக்குவண்டியில் ரோந்து போகும் டென்மார்க் கடற்படையின் சிரியஸ் பிரிவினர். துருவக் கரடிக்காக வைத்திருக்கிறார்கள். "கார்பஸ் கிறிஸ்டியில கரடி இருக்காடா?" என்று கேட்டேன். சிரித்தான். அங்கே வீட்டுச் சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது, நம்மூர்ச் செங்கல் சுவர் இல்லை. இந்த இரண்டு குண்டுமே அப்படிப்பட்ட சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போகும். அந்த அறையில் தூங்குவது யார் என்பதை ஜூல் பட்டியல் சொல்லாது.

சினிமா பார்த்து டெசர்ட் ஈகிள் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. .50 தோட்டா, இரண்டு கிலோ எடை, மேகசினில் ஏழே ரவுண்டு. மருந்து எரியும் வாயுவில் இயங்குவது என்பதால், மேலே உலோக உறை இல்லாத வெறும் ஈயக் குண்டு போட்டால் வாயுத்துளை அடைத்துக்கொள்ளும். ஆசைக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு வரலாம்.

இனி கை. இதை யாரும் பார்ப்பதில்லை. செருப்பு வாங்கும்போது காலை விட்டுப் பார்க்கிறோம், துப்பாக்கிக்கு மட்டும் வீடியோ பார்த்தால் போதும் என்கிறோம். குளோக் 20-இன் மேகசினில் 15 தோட்டா இரட்டை வரிசையாக நிற்கும். தோட்டாவும் நீளம். அதனால் பிடி தடிமன். 1911-இல் ஏழு தோட்டா ஒற்றை வரிசை, பிடி ஒல்லி. அக்கா மகனின் கை அவன் அம்மா மாதிரி, சின்னது. கடைக்காரரிடம் துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை பிடியின் உச்சியில், நடு முதுகில் உட்கார வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டு விரல் நுனியின் சதை விசைமேல் (டிரிக்கர்) நேராகப் படிகிறதா? நுனி மட்டும் எட்டினாலோ, எட்டுவதற்காகக் கை பக்கவாட்டில் திரும்பினாலோ அந்தப் பிடி அவனுக்கு இல்லை. குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும், அவன் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பான்.

பட்டாளத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலித் துப்பாக்கியின் முன்சைட் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு விசையை அழுத்தச் சொல்வார்கள். நாணயம் விழக் கூடாது. எங்கள் காலத்தில் எட்டணா. முதல் வாரம் தரையெல்லாம் எட்டணாவாகக் கிடக்கும், பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பார். 1911-இன் விசை நேராகப் பின்னால் நகரும், தூரமும் குறைவு. அதனால் இந்தச் சோதனையில் சீக்கிரம் தேறிவிடலாம். குளோக்கின் விசை கொஞ்சம் நீளமாக இழுக்க வேண்டியது, பழக நாளாகும். அது குறை இல்லை. ஆனால் நாள் ஆகும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மணிக்கட்டைத் தளர விட்டுச் சுட்டால் ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் எஃகுப் பகுதி) முழுசாகப் பின்னால் போகாது, காலிக் கூடு வெளியே வராமல் சிக்கும். உடனே "பீஸ் சரியில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பத்தில் பாதி அவர்கள் கைதான் என்று அடித்துச் சொல்வேன்.

இப்போது நான் குரலை உயர்த்திச் சொன்ன இடம். மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று நினைப்பது. இல்லை. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறையில், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். குளோக்கைச் சுத்தம் செய்யப் பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை அழுத்தியாக வேண்டும், அதன் அமைப்பு அப்படி. மேகசினை எடுத்தாயிற்று என்ற தைரியத்தில், சேம்பரைப் பார்க்காமல் சாப்பாட்டு மேசைமேல் விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1911-ஐப் பிரிக்க விசையைத் தொட வேண்டியதில்லை, ஆனால் அதற்கு வேறு சிக்கல். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி இரண்டு. கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் சேஃப்டி ஒன்று, பிடியின் பின்புறம் அழுத்தினால்தான் விடும் சேஃப்டி ஒன்று. சுத்தியலை ஏற்றி, சேஃப்டி போட்டு வைத்திருக்கும்படி அமைத்தது. பார்த்தவனுக்கு வயிறு கலங்கும். கலங்கி, சேம்பரில் தோட்டா இருக்கும்போதே சுத்தியலைக் கட்டைவிரலால் மெதுவாக இறக்கப் பார்ப்பான். விரல் வழுக்கினால் அது சுட்டுவிடும். குளோக்கில் கையால் போடும் சேஃப்டியே கிடையாது, வெளியே தெரிவது விசையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு மட்டும்தான். உறை இல்லாமல் இடுப்பில் செருகுகிறவனுக்கு அது ஆகாது.

எங்களுக்கு "ஜாஞ்ச் சஸ்த்ர" என்று ஒரு ஆர்டர். ஆயுதத்தைச் சோதி என்று அர்த்தம். முதலில் மேகசினை வெளியே எடு. பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்து. கண்ணால் பார். அப்புறம் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவு. இருட்டில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பிறகு எடுத்தால், இழுத்து விட்ட கையோடு மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா சேம்பருக்கு ஏறிவிடும். போனிலேயே பத்து தடவை அவனைச் சொல்ல வைத்தேன். எரிச்சலாகிவிட்டான். ஆகட்டும்.

.40 தோட்டா 10 எம்.எம். சேம்பருக்குள் போகும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். குட்டைத் தோட்டா உள்ளே சரியாக நிற்காது. விலை குறைவு என்று போடாதே.

துருவைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. கடல்மேல் பறந்து திரும்பும் விமானத்தை நல்ல தண்ணீரில் அலசுவது எந்த நாட்டிலும் வழக்கம். உப்பு விட்டுவைக்காது. 1911-இன் பழைய நீலப் பூச்சு பார்க்க அழகு, கடலோரத்துக்கு ஆகாது. கை வியர்வை பட்ட இடத்தில் விரல்ரேகை வடிவத்திலேயே துரு பூக்கும். ஸ்டெயின்லெஸ் வாங்கினால் மெதுவாகப் பூக்கும், பூக்கவே பூக்காது என்றில்லை. குளோக்கின் ஸ்லைடில் உள்ள கடினமாக்கிய மேற்பரப்பு இந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஊசிகளும் அதே எஃகுதான். தோல் உறையிலேயே போட்டு அலமாரியில் வைப்பது பெரிய தவறு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். பூட்டிய பெட்டி, உள்ளே சிலிகா ஜெல், மாதம் ஒரு தடவை எண்ணெய் தொட்ட துணி. வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டு வேண்டுமா என்ற பேச்சே வேண்டாம், அது முதல் செலவு.

போனுக்குப் பின்னாலிருந்து அக்கா குரல்: "தேங்கா எண்ணெய் பூசுனா போதாதாடா தம்பி?" மூன்று மாதம் மகனோடு இருக்கப் போயிருக்கிறாள். அரிவாளுக்குப் பூசலாம் அக்கா, இதற்குக் கூடாது. ஏசி அறையில் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், பழசானால் பிசினாகும், ஸ்லைடைப் பிடித்து நிறுத்திவிடும்.

இன்னொரு தவறு துப்பாக்கியே வாங்காதவர்கள் செய்வது. எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே கதைதான். "சும்மா ஒரு போட்டோவுக்கு" என்று நண்பனோடு போகிற பையன்களுக்கு இது தெரிவதில்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். கிரீன் கார்டு வரும்வரை இவன் பொறுத்திருந்தது இவன் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இரண்டு வாரம் கழித்து, சுட்ட இரண்டு இலக்கு அட்டையின் படம் அனுப்பினான். இரண்டையும் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 ரவுண்டு. .45 அட்டையில் ஓட்டைகள் ஒரு இட்லித் தட்டுக்குள் அடங்கின. 10 எம்.எம். அட்டையில் முதல் பத்து சுமார், அப்புறம் கீழே இடப்பக்கமாக மழை பெய்திருந்தது. உதைக்குப் பயந்து முன்கூட்டியே கையை அழுத்துகிறவன் அட்டை அப்படித்தான் இருக்கும். "1911 தான் மாமா" என்றான். "தோட்டா விலையைக் கேட்டியா?" என்றேன். கேட்டிருக்கிறான். 9 எம்.எம். அதைவிட ரொம்ப மலிவு என்று கடைக்காரரே சொன்னாராம். இப்போது அந்த யோசனையில் இருக்கிறான், நான் வாயைத் திறக்கவில்லை.

தைக்கு ஊருக்கு வருகிறான். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையில் துணி அடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும் நம் விமான நிலையத்தில் ஸ்கேனர் காட்டும், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் கிடந்தது என்றால் குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லும்தான், ஆனால் அதைச் சொல்ல வைப்பதற்குள் லீவு முடிந்துவிடும். புதுப் பை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பழையதை அங்கேயே விட்டுவிட்டு வா என்றேன்.