கல்வெட்டில் ஒரு நீளப் பெயர்: பிரித்துப் படிக்கும் முறை

பள்ளி விடுமுறையில் என் பேத்தி நூலகத்திலிருந்து கல்வெட்டுத் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்தாள். தஞ்சைப் பெரிய கோயில் பகுதியில் ஒரு வரியைக் காட்டி, "தாத்தா, இது ஒருவர் பெயரா, நான்கு பேர் பெயரா?" என்று கேட்டாள். நானும் முதன்முதலில் தடுமாறிய இடம் அதுதான். அந்த வரி இது:

உய்யக்கொண்டார் வளநாட்டு வெண்ணாட்டுக் கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலத்து ஸ்ரீகிருஷ்ணன் இராமனான மும்முடிசோழ பிரம்மமாராயன்.

இவர் ஒரே ஆள்தான். முதலாம் இராஜராஜனின் சேனாபதி; கோயிலைச் சுற்றியிருக்கும் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர்.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஆன' என்ற சொல்லைத் தேடி அங்கே ஒரு கோடு போடுங்கள். 'இராமனான' என்பதில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பது பெற்றோர் வைத்த பெயர், பின்னால் இருப்பது அரசன் கொடுத்த பட்டம். நம் சிங்கப்பூர் அடையாள அட்டையில் தந்தை பெயர் பின்னால் வரும். கல்வெட்டில் முன்னால் வரும். ஆகவே இவர் கிருஷ்ணன் மகன் இராமன். மும்முடிசோழன் என்பது இராஜராஜனின் விருதுப்பெயர். பிரம்மமாராயன் என்பது பிராமண அதிகாரிகளுக்குக் கிடைத்த பட்டம். வேளாளர்களுக்கு மூவேந்தவேளான் என்று வரும். பட்டத்தின் தலையில் எந்த அரசன் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் காலத்தைப் பிடிக்க ஒரு நூல் கிடைத்துவிடும். சிலர் பட்டத்தைச் சாதிப் பெயர் என்றோ குடும்பப் பெயர் என்றோ எண்ணி இன்றைய ஆட்களோடு முடிச்சுப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது ஊர். நம் வீட்டு முகவரி கதவு எண்ணில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிகிறது. கல்வெட்டு முகவரி பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்: வளநாடு, அதற்குள் நாடு அல்லது கூற்றம், அதற்குள் ஊர் (இங்கே அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர்). எல்லாவற்றுக்கும் மேலே மண்டலம். ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டி வரைந்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். இங்கே 'நாடு' என்றால் தேசம் அன்று, சில ஊர்களின் தொகுதி. அதன் நிலக்காரர்கள் கூடிய சபையே 'நாட்டார்'. உய்யக்கொண்டார், கேரளாந்தகன் ஆகியவையும் இராஜராஜனின் விருதுப்பெயர்களே. முகவரியில் இரண்டு, பட்டத்தில் ஒன்று என்று ஒரு சேனாபதியின் வரிக்குள் அரசன் மூன்று முறை வந்து நிற்கிறான்! முதல் தடவை இதைக் கண்டபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிகவும் கவனம் வேண்டிய சொல் 'உடைய'. ஊர்ப் பெயரோடு சேர்ந்து 'உடையான்' என்று வந்தால் அவ்வூரில் நிலவுரிமை உள்ளவர். 'உடையார் ஸ்ரீராஜராஜதேவர்' என்றால் அரசர். 'ராஜராஜீஸ்வரம் உடையார்' என்றால் கோயிலில் இருக்கும் இறைவன். அருகில் நிற்கும் சொல்தான் இவர் யார் என்று சொல்லும்.

'அரையன்' என்பதும் அப்படித்தான். சிற்றூர்த் தலைவனுக்கும் உண்டு, பேரரசனுக்கும் உண்டு. லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் செப்பேடுகள், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னனைக் கடாரத்தரையன் என்கின்றன. கடாரம் என்பது நமக்கு வடக்கே மலேசியாவில் இருக்கும் கெடா. அவன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டான். பௌத்த, சமணப் பள்ளிகளுக்குப் போனால் பள்ளிச்சந்தம், கோயிலுக்குப் போனால் தேவதானம், பிராமணர்களுக்குப் போனால் பிரமதேயம். மூன்றையும் 'மானியம்' என்று ஒரே சொல்லில் அடக்கினால் நிலத்தின் வரவு யாருக்குப் போனது என்பது மறைந்துவிடும்.

இந்தப் பென்சில் முறை தமிழுக்கு மட்டும் உரியது அன்று. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் வணிகத்தளம் அமைக்க 1819 பிப்ரவரி 6 அன்று ராஃபிள்ஸ் செய்த ஒப்பந்தத்தில் தெமெங்கோங் ஸ்ரீ மகாராஜா அப்துல் ரஹ்மான் என்று ஒருவர் வருகிறார். பேத்தி உடனே "இவர்தான் ராஜாவா?" என்றாள். தெமெங்கோங் என்பது காவலையும் சந்தைகளையும் பார்த்த பெரும் பதவி. ஸ்ரீ மகாராஜா அந்தப் பதவியோடு வரும் பட்டம். சுல்தானாக அமர்த்தப்பட்டவர் ஹுசேன் ஷா. அதே ஒப்பந்தத்தில் அவர் பெயர் தனியாக இருக்கிறது. அவள் பென்சிலை வாங்கி, 'அப்துல்' என்பதற்கு முன்னால் கோடு போட்டாள்.