அலகை விடுங்கள், கூடையைப் பாருங்கள்

பழைய ஸ்காட்லாந்து வாள் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். அதை யார், எங்கே செய்தார்கள் என்று அறிய, நான் கூடைப்பிடியிலிருந்து, அதாவது கையைச் சுற்றிக் காக்கும் கூடை போன்ற இரும்புப் பிடியிலிருந்து தொடங்குவேன். அலகில் 'ஆந்திரியா ஃபெராரா' என்று இருந்தால் மயங்க வேண்டாம். அந்த இத்தாலியக் கொல்லர் 16ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் இறந்து வெகுகாலமான பிறகும் ஜெர்மனியின் சோலிங்கனில் அந்தப் பெயரை அலகுகளில் பொறித்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பெயருக்கு அவ்வளவு மவுசு!

கூடையைக் கவிழ்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டுப் பக்கத் தகடுகளின் அடிப்புறத்தில் பிடியைச் செய்தவரின் முத்திரையைத் தேடுங்கள். 'ஐ.எஸ்.', அதன் கீழே 'ஜி' என்றிருந்தால் கிளாஸ்கோ நகரின் ஜான் சிம்ப்சன். அக்காலத்தில் 'ஜே'க்குப் பதில் 'ஐ' பொறிப்பார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்ததால் அவசரப்படாதீர்கள். 'டபிள்யூ.ஏ.', கீழே 'எஸ்' என்றால் ஸ்டெர்லிங் நகரின் வால்டர் ஆலன்.

முத்திரை இல்லாவிட்டால் வேலைப்பாடு பேசும். தகடுகளில் இதயமும் வட்டமும் துளைத்து, ஓரத்தைப் பல்வெட்டாக அராவியிருந்தால் பெரும்பாலும் கிளாஸ்கோ பாணி. கம்பிகள் வளைந்து சுருண்டு, இரும்பில் பித்தளை பதித்திருந்தால் ஸ்டெர்லிங்கை நினைக்கலாம். பிறகு அந்தந்த ஊரின் 'ஹேமர்மென்' என்ற உலோகத் தொழிலாளர் சங்கப் பதிவுகளில் பெயரைத் தேடுங்கள். தயவுசெய்து துருவை மட்டும் எமரித் தாளால் தேய்க்காதீர்கள். முத்திரையும் சேர்ந்தே போய்விடும்.