போரிலிருந்து சட்டமன்றத்துக்கு: ஒருவரின் வாழ்க்கையை எழுதும் முறை

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய பின்னர் அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் உறுப்பினரானவரின் வரலாற்றை எழுத முனைவோர், தேர்தல் துண்டறிக்கைகள் சொல்லும் போர்க்கதையை அப்படியே ஏற்காமல், முதலில் அவருடைய படைப்பணிக் கோப்பைத் தேட வேண்டும். அது செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கும். பணி முடிந்து 62 ஆண்டுகள் கடந்துவிட்டால் எவரும் அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் 1973 ஜூலை 12 அன்று அங்கு மூண்ட தீயில், 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. ஆகவே கோப்பு இல்லையென்றால் அவர் போருக்கே போகவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அவரது படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகளையும், வீடு திரும்பிய பலர் தத்தம் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் பதிந்துவைத்த, படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றிதழையும் பார்க்கலாம்.

பதக்கங்களில் கூடுதல் கவனம் தேவை. 1945இல் இத்தாலியில் வலக்கையை இழந்த டேனியல் இனௌயே, 1954இல் ஹவாய் சட்டமன்றத்துக்குத் தேர்வானபோது (ஹவாய் அன்று மாநிலமாகவில்லை) நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கத்தைப் பெற்றிருக்கவில்லை. அது 2000ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. செயல் நிகழ்ந்த நாளையும் விருது கிடைத்த நாளையும் தனித்தனியே குறிக்காவிட்டால், வாக்காளர்கள் அன்று அறிந்திராத ஒன்றை அறிந்திருந்ததாக எழுதிவிடுவோம்.

போருக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, 1944ஆம் ஆண்டின் படைவீரர் உதவிச் சட்டத்தின்கீழ் நாம் எழுதும் உறுப்பினர் கல்லூரியில் படித்தாரா என்று விசாரித்தால் போதும்.

என் கருத்தில், உழைப்பின் பெரும்பகுதி செல்ல வேண்டிய இடம் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பேடுகளே. எந்த மசோதாவை முன்மொழிந்தார், எந்தக் குழுவில் இருந்தார், பெயர் அழைத்து நடந்த வாக்கெடுப்புகளில் எந்தப் பக்கம் நின்றார் என்பவற்றை ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டால், மேடைப் பேச்சில் தெரியாத மனிதர் புலப்படுவார். முன்னாள் வீரர்களுக்கான மசோதாக்களோடு நின்றுவிடாமல் வரி, பள்ளி, சாலை பற்றிய வாக்குகளையும் சேர்க்க வேண்டும். எல்லா வாக்குக்கும் போரே காரணம் என்று காட்டுவது எழுதுபவரின் சோம்பல். பிழைப்புக்கு அவர் வேறு என்ன தொழில் செய்தார் என்பதும் முக்கியம், ஏனெனில் பல மாநிலங்களில் இது முழுநேரப் பணியன்று. 400 பேர் கொண்ட நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் ஆண்டு ஊதியம் 100 டாலர்தான்.

அவருடைய குரல்பதிவு அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டத்தில் இருக்கிறதா என்று கடைசியாகத் தேடலாம். பதிவும் ஆவணமும் முரண்பட்டால், ஒன்றைத் திருத்தாமல் இரண்டையும் அவற்றின் தேதியோடு தர வேண்டும்.