பார்படாசில் ஓய்வாக ஒரு வாரம்: திட்டமிடும்போதே நடந்துவிடும் தவறுகள்

கரீபியன் தீவுக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டு, போனதைவிட அதிகக் களைப்போடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். புறப்படும் முன் போட்ட திட்டமே பெரும்பாலும் அதற்குக் காரணம். விமான டிக்கெட்டின் விலையைப் பார்க்கிறோம், ஓட்டல் படங்களைப் பார்க்கிறோம். எந்தக் கடலில் இறங்கப் போகிறோம் என்று மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான். பார்படாசை வைத்தே இதைச் சொல்கிறேன். 34 கிலோமீட்டர் நீளமும் 23 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தச் சின்னத் தீவில் மூன்று விதமான கடல் இருக்கிறது.

மேற்குக் கரை கரீபியன் கடலைப் பார்த்திருக்கிறது. ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே, மல்லின்ஸ் பக்கமெல்லாம் வருடத்தின் பெரும்பகுதி தண்ணீர் அலையே இல்லாமல் கிடக்கும். சின்னக் குழந்தைகளோடு, வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தீவிலேயே அதிக விலை உள்ள பகுதியும் இதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை சில நாட்கள் வடக்கிலிருந்து பெரிய அலைகள் வந்து இங்கேயும் மோதும். அந்த நாட்களில் மட்டும் கவனம் வேண்டும்.

தெற்குக் கரையில் ராக்லி, வொர்த்திங், டோவர் கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே மிதமான அலை உண்டு. நீச்சல் தெரிந்தவர்கள் நன்றாக விளையாடலாம். பஸ் வசதி, சாப்பாட்டுக் கடைகள், நடுத்தர விலையில் தங்குமிடங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கரையைத்தான்.

கிழக்குக் கரை அட்லாண்டிக் பெருங்கடல். அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா வரை குறுக்கே நிலமே கிடையாது. அவ்வளவு தூரம் ஓடிவந்த அலை பாத்ஷீபாவின் பாறைகளில் வந்து அடிக்கிறது. காளான்போல நிற்கும் அந்தப் பாறைகளும் நுரையும் படத்தில் மனதை அள்ளிவிடும். பலர் ஏமாறுவதும் அங்கேதான். படத்தைப் பார்த்து அங்கே வீடு எடுத்துவிட்டு, ஒரு நாள்கூடக் கடலில் இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அங்குள்ள 'சூப் பவுல்' அலைச்சறுக்கு வீரர்களுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். நீந்துவதற்கோ ஆபத்தான இடம், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். பாறைகளுக்கு இடையே தேங்கும் ஆழமில்லாத குட்டைகளில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து குளிப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு வர அருமையான இடம் அது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பார்படாசில் எல்லாக் கடற்கரையும் பொதுமக்களுடையது. பெரிய ஓட்டலுக்கு முன்னால் உள்ள மணலில்கூட யாரும் துண்டை விரித்துப் படுக்கலாம். அதனால் கடலை ஒட்டிய அறைக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. சாலைக்கு மறுபுறம் தங்கினாலும் அதே கடல்தான். 'கடற்கரைக்கு அருகில்' என்று போட்டிருந்தால் வரைபடத்தில் பாருங்கள். மேற்குக் கரையில் நெடுஞ்சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. குழந்தைகளோடு அதைக் கடக்க வேண்டுமா என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, எப்போது போவது? டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை விலை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் எனக்குப் பிடித்த காலம். வானிலையும் நன்றாக இருக்கும், அறை விலையும் இறங்கியிருக்கும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் தீவிரம் அதிகம். மற்ற தீவுகளின் வரிசையிலிருந்து விலகிக் கிழக்கே தனியாக இருப்பதால் பல புயல்கள் பார்படாசுக்கு வடக்கே போய்விடும். அதை நம்பி 'இங்கே புயலே வராது' என்று சொல்கிறவர்களும் உண்டு. 2021 ஜூலையில் எல்சா வந்து வீடுகளின் கூரைகளைப் பிய்த்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் தெற்கே கடந்து போனபோதே தலைநகர் பிரிட்ஜ்டவுனில் மீன்பிடிப் படகுகள் நொறுங்கின. அந்த மாதங்களில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டும் பயணக் காப்பீடும் எடுங்கள். காப்பீட்டை முன்பதிவு செய்த கையோடு எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு இழப்பீடு கிடைக்காது. இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் புயல் பாதைக்குத் தெற்கே உள்ள அரூபா, குராசோ தீவுகளைப் பார்க்கலாம்.

புயலைப் பற்றிக் கேட்கிறவர்களும் சர்காசத்தைப் பற்றிக் கேட்பதில்லை. 2011 முதல் இந்தப் பழுப்பு நிறக் கடற்பாசி கூட்டம் கூட்டமாகக் கரீபியன் கரைகளில் ஒதுங்குகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதிகம். அழுகத் தொடங்கினால் கெட்ட முட்டை நாற்றம் அடிக்கும், பக்கத்தில் உட்கார முடியாது. கிழக்கும் தென்கிழக்கும்தான் அதிகம் பாதிக்கப்படும், மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிக்கும். அப்படியென்றால் ஜூன், ஜூலையில் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாவது மேற்கில் தங்குவது நியாயம்தான். ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை 'கிராப் ஓவர்' திருவிழாவின் உச்சநாள். ஊரே தெருவில் ஆடும். அமைதி தேடிப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாகப் போக பார்படாஸ் விசா தேவையில்லை என்றதும் பலர் மகிழ்ந்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். விமானம் மாறும் நாட்டின் விசாவை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் பிரிட்டனின் டிரான்சிட் விதி உங்களுக்குப் பொருந்துமா என்று டிக்கெட்டுக்கு முன் பாருங்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கிறவர்களுக்கு நேரடி விமானமே உண்டு.

தீவு சின்னதுதானே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் ஓய்வைக் கெடுக்கும். சாலைகள் குறுகல், காலையும் மாலையும் நெரிசல். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஹாரிசன் குகை, கார்லைல் பே மூழ்கிய கப்பல்கள், பாத்ஷீபா, வெள்ளிக்கிழமை இரவு ஒய்ஸ்டின்ஸ் மீன் சந்தை என்று வாரத்துக்கு மூன்று நான்கு போதும், அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்பதரை மணி நேர வித்தியாசம். முதல் நாளில் எதையும் வைக்காதீர்கள். பக்கத்துத் தீவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அங்கே போக அநேகமாக விமானம்தான், ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

பண விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. விலையை டாலரில் சொன்னால் எந்த டாலர் என்று கேளுங்கள். 1975 முதல் 2 பார்படாஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமம், கேட்காவிட்டால் இரண்டு மடங்கு கொடுக்க நேரிடும். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளில் வடிந்து வருவது, தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வீண் செலவு.

பெட்டி கட்டும்போது ராணுவ உடைபோலத் திட்டுத் திட்டாக இருக்கும் 'கேமஃப்ளாஜ்' உடைகளை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அங்கே அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளின் தொப்பிக்கும் இது பொருந்தும். வெயிலைப் பற்றி நம்மூர்க்காரர்கள் அலட்சியமாக இருப்பார்கள். சென்னை இருக்கும் அதே 13 டிகிரி அட்சரேகைதான், ஆனால் ஓயாமல் வீசும் கடற்காற்றில் சூடு தெரியாது, மாலையில் தோல் எரியும்போதுதான் தெரியும். நிழலுக்கு ஒதுங்கும்போதும் மரத்தைப் பாருங்கள். கடற்கரையில் வளரும் மான்சினீல் மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும், மழைக்கு அதன் கீழே நின்றாலும் அப்படித்தான். அதன் பச்சை நிறச் சிறு பழமும் விஷம். பல மரங்களில் சிவப்பு வண்ணத்தில் வளையம் போட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு முதல் நாளே அதைக் காட்டிக்கொடுங்கள்.

கடைசி நாளையும் யோசித்து வையுங்கள். லண்டன் விமானங்கள் பல மாலையில்தான் கிளம்பும், அறையை நண்பகலுக்குள் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டியை வைக்கவும் கடலில் குளித்துவிட்டு வந்து உப்புப் போகக் குளிக்கவும் இடம் தருவார்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.