சுகர் எந்த வகை, ஸ்டிரிப்புக்குக் காசு எங்கிருந்து?

சென்னை காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தைக்குப் போன வருடம் சுகர் என்று சொன்னார்கள். வீட்டிலேயே சுகர் பார்க்கும் மெஷினும், அதில் ரத்தம் தொட்டு வைக்கும் ஐம்பது ஸ்டிரிப்பும் வாங்கிவந்து, "இதுக்கு இன்சூரன்ஸ் கார்டுல காசு வராதா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை, எந்த வகை சுகர் என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குவது. ஸ்டிரிப் செலவே அதை வைத்துத்தான். டைப் 1 என்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஊசி இல்லாமல் முடியாது. ஊசி அளவுக்காக ஒரு நாளைக்கே நாலைந்து ஸ்டிரிப் ஆகும். பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, பெரியவர்களுக்கும் வரும். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது டைப் 2: இன்சுலின் சுரக்கும், உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. மாத்திரை மட்டும் சாப்பிடும் பலருக்கு டாக்டர் சொல்லும் நாளில் பார்த்தாலே போதும். அத்தை பயத்தில் தினமும் மூன்று முறை குத்திக்கொண்டிருந்தார், பாவம்.

கர்ப்ப கால சுகருக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140 தொட்டாலே கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பின்னாளில் டைப் 2 வரலாம் என்பதால் மறுபடி டெஸ்ட் எடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டு மெஷினை வைத்து சுகர் இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. லேபில் வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாத சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி 6.5, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ சுகர், இதுதான் கணக்கு.

அடுத்தது காசு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. கடையில் வாங்கும் ஸ்டிரிப்புக்கு வராது. அதற்காகக் கார்டு வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள கலெக்டர் ஆபீசில் கேளுங்கள்.

தனியார் பாலிசி என்றால் 'ஓபிடி', அதாவது புறநோயாளி சிகிச்சை, என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். புதிதாக எடுப்பவர்கள் சுகரை மறைக்கவே மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்தது தெரிந்தால் கிளைமே போய்விடும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவருக்குத் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருந்தால் அவருக்கும் குடும்பத்துக்கும் புறநோயாளி சிகிச்சையும் உண்டு. பலர் அந்தப் பக்கமே போவதில்லை, வருத்தமாக இருக்கிறது.

இது எதுவும் இல்லாவிட்டாலும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் டெஸ்ட் இலவசம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். சரி, ஸ்டிரிப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மெஷின் விலையைப் பார்க்காமல் ஸ்டிரிப் விலையைக் கேட்டு வாங்குங்கள். மெஷின் ஒரு முறை செலவு, ஸ்டிரிப் மாதாமாதம். மலிவு விலையில் விற்கும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு ஸ்டிரிப்பும் வீணாகாமல் பார்ப்பது எப்படி? சோப்பு போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ஸ்டிரிப்பை எடுத்ததும் டப்பாவை அழுத்தி மூடுங்கள்; கடல் காற்றின் ஈரம் பட்டால் ஸ்டிரிப் கெட்டுவிடும். ஒரு நாள் அத்தைக்கு 286 காட்டியது, அழவே ஆரம்பித்துவிட்டார். விரலைப் பார்த்தேன், மாம்பழம் நறுக்கிய பிசுபிசுப்பு. கழுவிவிட்டு மறுபடி பார்த்தோம்: 148.