ஹெலிகாப்டர் இறக்கும் கயிற்றைப் படகில் கட்டாதீர்கள்

கயிறு வந்து விழுந்தால் எட்டிப் பிடி, பிடித்ததும் கட்டு. கடல் தொழிலில் இருப்பவர்களின் கை இப்படித்தான் பழகியிருக்கும். ஹெலிகாப்டர் மீட்பில் இந்த இரண்டுமே ஆபத்து.

இறக்கை சுழலச் சுழல ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேரும். தொங்கி வரும் கொக்கியை யார் முதலில் தொடுகிறாரோ அவர் வழியாக அது இறங்கும். ஆடுகிற படகில் ஓரமாக நிற்பவரைக் கடலில் தள்ள அந்த உதறலே போதும். கொக்கி முதலில் தண்ணீரையோ படகையோ தொடட்டும், அப்புறம் கை வையுங்கள்.

கொக்கி தொங்கும் கம்பியைப் படகில் மாட்டினாலோ, அலையில் படகு இறங்கும்போது ஹெலிகாப்டரையும் சேர்த்து இழுக்கும். அப்படி ஆனால் மேலே இருப்பவர்கள் கம்பியை வெட்டிவிடுவார்கள், மீட்பு அதோடு நின்றுபோகும். சில சமயம் நுனியில் எடை கட்டிய மெல்லிய கயிறு முன்னால் வரும். அதையும் கட்டாமல், கையில் சுற்றாமல், தொய்வை மட்டும் இழுத்துக்கொண்டிருங்கள்.

தார்பாய், தெர்மாகோல் பெட்டி, காலி சாக்கு எல்லாவற்றையும் ஹெலிகாப்டர் வருமுன்பே இறுகக் கட்டுங்கள். கீழ்நோக்கி அடிக்கும் காற்றில் இவை பறந்து இறக்கையில் சிக்கும். இரைச்சலில் பேச்சு கேட்காது. எனவே கேட்க வேண்டியதை முன்கூட்டியே படகின் விஎச்எஃப் ரேடியோவில் 16-வது சேனலில் கேட்டு முடியுங்கள். ஹெலிகாப்டர் நெருங்கிய பின் உதவி கேட்கும் ராக்கெட் விடுவதும், இரவில் விமானி முகத்தில் டார்ச் அடிப்பதும் கூடவே கூடாது.

சிறிய ஃபைபர் படகில் ஆளைத் தூக்க இடம் இருக்காது. லைஃப் ஜாக்கெட்டோடு ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கும்படி மீட்க வந்தவர்கள் சொல்லலாம். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். 2017 ஒக்கி புயலிலும் படகை விட்டு வர மறுத்தவர்கள் உண்டு. கடன் வாங்கி வாங்கிய படகும் இன்ஜினும் கண்ணெதிரே நிற்கும்போது மனசு வராதுதான். ஆனால் ஹெலிகாப்டரில் இருக்கும் எரிபொருள் நீங்கள் முடிவெடுக்கும்வரை காத்திருக்காது.

மீட்பு வளையத்தை அக்குளுக்குக் கீழே மாட்டியதும் கைகளை உயர்த்தாதீர்கள், வளையத்திலிருந்து நழுவி விழுவீர்கள். கையைக் கீழேயே வைத்திருங்கள். கதவருகே போனதும் எதையும் தாவிப் பிடிக்க வேண்டாம். உங்களைத் திருப்பி உள்ளே இழுப்பது அவர்கள் வேலை. அவர்கள் சொல்லும்வரை வளையத்தைக் கழற்றாதீர்கள்.